வெள்ளையாக விட்ட இடம்

நேற்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் இப்போது நான் இருப்பது ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை. நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் கதவுப் பக்கம் வர வேண்டும். அதனால் சமையல் எல்லாம் உட்கார்ந்தபடிதான். கோலியனூர்ப் பக்கத்திலிருந்து கூடை கொண்டுவருகிற அம்மா, தனி ஆளுக்கு என்ன தெரியப்போகிறது என்று முற்றின காயாகப் பார்த்து எனக்கு எடுத்து வைப்பார். காம்பை வெட்டித் தள்ளிவிட்டுக் கையில் மிஞ்சியதைப் பார்த்தேன். ஐந்து பக்கம், ஐந்து அறை, நடுவில் ஒரு புள்ளி. உங்களுக்கு அது வெண்டைக்காய். எனக்கு அது ஆகாயத்திலிருந்து பார்த்த புங்கமரம். நறுக்குவதை நிறுத்திவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் தொட்டு நாலு மரம் குத்தினேன். இந்த வயதில் செய்கிற வேலையா? குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இந்த மரம் குத்துகிற வித்தையைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று இன்றைக்கும் ஒரு நினைப்பு உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்வதுதான். ஆனால் ஒரு பட்டம் வாங்கி, இரண்டாவது பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். இருபது வருஷத்துக்கு முன்னால், திண்டிவனத்தில்.

நான் படித்தது அரைகுறை. பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐயில் கட்டடப் படம் வரைகிற பிரிவில் சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பில் ஒரு வருஷம் முடித்தேன். கரும்பு வெட்டப் போன இடத்தில் அப்பாவுக்குக் காலில் வெட்டு. அவர் படுத்தார், நான் வேலைக்குப் போனேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. படிப்பைவிட வேலை எனக்குப் பிடித்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில், வீடு கட்டப் பிளான் போட்டுத் தருகிற கடை அது. முதலாளியை எல்லோரும் பாய் என்போம். முன்னால் இரண்டு வரைபலகை, பின்னால் படத்தை நகலெடுக்க அம்மோனியா பிரிண்ட் போடும் பெட்டி. அந்த நெடி தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? கடைக்கு வருகிறவர்கள் முதலில் சுவரோரத்தைத்தான் பார்ப்பார்கள், யாராவது ஒன்றுக்குப் போய்விட்டார்களா என்று. அங்கே இருந்த மூன்று வருஷமும் எனக்குச் சளி பிடித்ததில்லை. கல்யாணத்துக்குப் போனால் மட்டும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

பாய் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் கடையில் மட்டுமா, அந்தக் காலத்துப் பிளான் கடை எல்லாவற்றிலும் இருந்தது. சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவில் நாலடி விட வேண்டிய இடத்தில் வீட்டுக்காரர் இரண்டடி விட்டிருப்பார். பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை இருக்கும். மாடிப்படி பக்கத்து மனைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் வரைய மாட்டோம். தாளில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். வெள்ளையைப் பார்த்து எந்த ஆபீசரும் கேள்வி கேட்பதில்லை. கோடு போட்டால் கோட்டுக்கு அளவு கேட்பார், அளவுக்கு விதி கேட்பார். ஜல்தியாகப் படம் பாஸாக வேண்டுமென்றால் கோடு குறைய வேண்டும். மூன்று வருஷத்தில் என் கை நன்றாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை வரையாதே.

வித்யா வந்தது ஒரு மழை நாளில். விழுப்புரத்துப் பெண். அப்பாவுக்கு உரக்கடை, ஊர்ப்பக்கம் நிலபுலமும் உண்டு. சென்னையில் ஒரு கல்லூரியில், நிலத்தையும் மரத்தையும் தண்ணீரையும் எப்படி அமைப்பது என்று படம் போடுகிற படிப்பு. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று சொன்னாள். விழுப்புரத்தில் பிரிண்ட் பெட்டி கெட்டுக் கிடந்ததால், சென்னை போகிற வழியில் இறங்கியிருக்கிறாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“தோட்டக்கார வேலைக்கா காலேஜு வச்சிக்கிறாங்க?”

“மேஸ்திரி வேலைக்கு இருக்கும்போது தோட்டக்காரருக்கு இருக்கக் கூடாதா பாய்?”

பாய்க்குப் பிடித்துப்போயிற்று. டீ வந்தது.

அவள் குழாயிலிருந்து உருவிய தாள்களை நான்தான் பலகையில் விரித்தேன். விரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கடையில் மரம் என்றால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு கோணல் கோடு, அதுவும் ஆபீசில் கேட்டால்தான். இவளுடைய தாளில் ஒரு பள்ளிக்கூட முற்றத்து வேப்பமரத்தின் நிழல் இருந்தது. காலை எட்டு மணி நிழல், பத்து மணி நிழல், உச்சி நிழல் என்று ஒரே மரத்துக்கு ஏழு நிழல். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டு எடுத்தாளாம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வெளியே நோயாளிகளோடு வருகிறவர்கள் எந்தெந்த மரத்தடியில் படுக்கிறார்கள், எங்கே துணி காயப்போடுகிறார்கள் என்று பார்த்து, அந்தந்த இடத்தில் கல் திண்டு போட்டு ஒரு படம். புதுச்சேரியில் யாரோ ஒரு பணக்காரர் வீட்டு மொட்டைமாடியில் தோட்டம். ஒரு கோயில் குளத்தைப் பாதியில் வெட்டினால் படிகள் எப்படித் தெரியும் என்று ஒரு படம். இன்னொரு தாளில் வெறும் இலைகள். இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தவை. நரம்பு நரம்பாக அரச இலை. அந்த வயதில் நான் பார்த்திருந்த படங்களிலேயே ஆள் நடமாட்டத்துக்காக வரைந்த படம் அவளுடையதுதான். நாங்கள் சுவரை வரைந்துகொண்டிருந்தோம்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு தாளில் முந்நூறு மரம் போட வேண்டியிருந்தது. கை வலிக்கிறது என்றாள். பாய் வீட்டுச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த பையில் வெண்டைக்காய் இருந்தது. ஒன்றை வெட்டி ஸ்டாம்ப் மையில் தொட்டுக் குத்திக் காட்டினேன். வித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிஞ்சு காய் புதுச் செடிக்கு, முற்றின காய் வளர்ந்த மரத்துக்கு என்று அவளே பிரித்துக்கொண்டாள். அரை மணியில் ஒரு தோப்பு முளைத்தது. அன்று மாலை பஸ் ஏறும்போது என்னை அண்ணா என்றாள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அண்ணனாகிவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறையாவது வருவாள். நான் அவளுக்கு எழுத்து எழுதிக் கொடுப்பேன். படத்தில் எழுத வேண்டிய ஆங்கில எழுத்தை ஒரே உயரத்தில் எழுத எனக்கு வரும், அர்த்தம் பாதிதான் தெரியும். டிரேசிங் தாளில் மை தப்பாகப் போனால் பிளேடால் சுரண்டி எடுப்பது எப்படி என்று காட்டினேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை மையில் ஊறப்போட்டு, துடைப்பக்குச்சியில் செருகி, அட்டையில் செய்கிற மாடலுக்கு மரம் செய்தோம். என் விரல்கள் பச்சையாக இருந்ததைப் பார்த்து அம்மா, எந்தக் கட்சியிலடா சேர்ந்தாய் என்று கேட்டார்.

கடைசி வருஷத்தில் ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்கொண்டு அதை அளந்து, படம் போட்டு, புதிதாக அமைத்துக் காட்ட வேண்டும். எந்த இடம் எடுக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் ஏரியைச் சொன்னவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் எங்கள் காலனி. ஊரில் இருப்பவர்களுக்கு நிலம், நிலத்தில் களம், எல்லாம் உண்டு. எங்களுக்கு வீடு மட்டும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி ஆய்கிற வேலைக்குக் கூலியாகக் காயே கொடுப்பார்கள். அதைக் காயவைக்க இடம் வேண்டுமே. அதற்காக எங்கள் ஆட்கள் ஏரிக்கரைச் சரிவுக்குக் கீழே ஒரு துண்டு இடத்தைச் செதுக்கி, மண் கொட்டி, திமுசுக்கட்டையால் அடித்து, சாணம் மெழுகிக் களமாக்கி வைத்திருந்தார்கள். எப்போது ஆக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பட்டா கிடையாது, புறம்போக்கு. மல்லாட்டை மட்டுமல்ல, கேப்பைக் கதிர் அடிப்பது அங்கேதான். கல்யாணத்துக்குப் பந்தல் அங்கேதான். சண்டை தீர்ப்பதும் செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்துவதும் அங்கேதான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவில் கட்டில் போட்டால் ஆள் போக வழி இருக்காது. களம் ஒன்றுதான் எங்களுக்கு வெட்டவெளி.

அந்தக் களத்தை வருஷா வருஷம் மெழுகவைப்பது செல்வி அக்கா. எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவருக்கு வாய் வளர்ந்துவிட்டது என்று தெருவில் சொல்வார்கள். அதற்கு முன்பே வளர்ந்திருந்தது என்பதுதான் உண்மை. இன்றைக்கு இந்த வீட்டிலிருந்து இரண்டு கூடை சாணம், அந்த வீட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர் என்று அவர் சொன்னால் வந்து சேரும். வராவிட்டால் அந்த வீட்டு மருமகளின் சமையலைப் பற்றி மறுநாள் குழாயடியில் பேச்சு வரும்.

ஏரியை அளக்க எங்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஒரு பக்கம் டேப்பை அவள் பிடிப்பாள், மறுபக்கம் நான். மேடு பள்ளம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப். மரம் ஒவ்வொன்றுக்கும் அடிச்சுற்று அளந்து நம்பர் போட்டோம். எங்கள் தெருப் பெண்கள் வேலை முடிந்து வரும்போது நின்று பார்ப்பார்கள். செல்வி அக்கா முதல் நாளே வித்யாவைக் களத்தில் உட்காரவைத்து வறுத்த மல்லாட்டை கொடுத்தார்.

“ஏம்மா, மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுக்கினு போறியே, எங்களுக்கு எப்ப போடப் போற?”

“உங்களுக்குப் போட்டா எங்க ஒட்டுறதுக்கா?”

“முதுகுல ஒட்டு. வெயில் படாம இருக்கும்.”

வித்யா அன்று களத்தைத் தன் நோட்டில் வரைந்தாள். அளவுப் படம் இல்லை, கண்ணில் பட்டதை வரைவது. செல்வி அக்கா முறத்தைத் தூக்கிப் புடைக்கிறார், தூசி ஒரு பக்கமாகப் பறக்கிறது, பின்னால் நாலு பெண்கள் குனிந்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் வரைந்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுச் செல்வி அக்கா தன் மூக்கு அவ்வளவு பெரிது இல்லை என்றார். ஆனால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அளவுப் படம் போடும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. களத்தின் நாலு மூலையையும் அளந்து வைத்திருந்தோம். வித்யா பென்சிலை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடிக்காத குறை. வேண்டாம் என்றேன். புறம்போக்கு நிலம். படத்தில் களம் என்று எழுதினால், யார் பயன்படுத்துகிறார்கள், எந்த உரிமையில் என்று நாளைக்கு ஒரு ஆள் கேட்பான். வெள்ளையாக விட்டுவிடு, வெள்ளையை யாரும் தொட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பை எங்கள் தெருவுக்கு நான் அன்று செய்தேன். அவள் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“சரிண்ணா. படத்துல வேணாம். ரிப்போர்ட்ல களம்னு தெளிவா எழுதிடறேன்.”

அன்று மாலை செல்வி அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், களத்தைப் படத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று. அவர் மல்லாட்டைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டார்.

“ஏன்டா, ரேசன் கார்டுல பேரு இல்லன்னா அரிசி இல்லன்றான். இங்க மட்டும் பேரு இல்லன்னா நல்லதா?”

அது வேறு, இது வேறு என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு வருஷம் ஐடிஐ போனவன் எங்கள் தெருவில் படித்தவன்.

பாய் கடை மொழியில் வெள்ளை என்றால் கேட்காதே. வித்யா படித்த படிப்பில் வெள்ளை என்றால் காலி. இங்கே ஒன்றும் இல்லை, நீ எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் யோசித்தது இதைத்தானோ என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

படத்தை வெளியாட்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடும் நாளுக்கு ஜூரி என்று பெயர். அதற்கு என்னையும் வரச் சொன்னாள். மாடலைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதும் ஒரு காரணம். திண்டிவனத்திலிருந்து சென்னை வரை எங்கள் ஏரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் வாங்கச் சொன்னார். ஏரிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று பின் சீட்டில் ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. தாம்பரம் வரும்வரை எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரிய கூடத்தில் சுவர் முழுக்க அவளுடைய தாள்கள். எட்டுத் தாள். நான் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன். எங்கள் ஏரியை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. கரை மேல் நடைபாதை, தண்ணீருக்குள் இறங்கும் படி, பறவைக்கு ஒரு திட்டு, என் வெண்டைக்காய் மரங்கள். கரைக்குக் கீழே நாங்கள் வெள்ளையாக விட்ட இடம் பச்சையாக இருந்தது. வெளிர்ப் பச்சைக் கலர் பென்சில், ஒரே சீராக, ஒரு கீறல் இல்லாமல். புல்தரை. அதைச் சுற்றி அரைவட்டமாக உட்காரும் படிகள். பெரியவர் ஒருவர் எழுந்து அந்த இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். வித்யா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஒரு சொல் புரிந்தது. வேக்கண்ட். பாய் கடையில் காலி மனைக்கு நான் தினமும் எழுதுகிற சொல்.

அந்தத் தாளின் ஓரத்தில், அலங்காரத்துக்கு, அவள் நோட்டில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தாள். செல்வி அக்கா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். தூசி பறந்து அந்தப் பச்சைப் புல் பக்கமாகப் போனது. அதற்குக் கீழே கட்டத்தில், இடத்தை அளந்தவர் என்று போட்டு, என் பெயர். ஊர்ப் பெயரோடு, முழுதாக, நல்ல எழுத்தில்.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பச்சையைப் பார்த்ததும் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பெயரைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். என் பெயர் அதுவரை ரேசன் கார்டிலும் ஐடிஐ வருகைப் பதிவேட்டிலும்தான் இருந்தது. அந்தக் கூடத்தின் சுவரில் அது இருப்பதை நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வருகிற வழியில், பஸ் ஸ்டாண்டில்தான் மெதுவாகக் கேட்டேன். அவள் களைத்துப்போயிருந்தாள், முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

“இது வெறும் தீசிஸ்ண்ணா. பேப்பர். இத யாரு கட்டப் போறாங்க?”

ரிப்போர்ட்டில் எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. எழுதியிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பாய் கடையை மூடிவிட்டுத் துணி வியாபாரத்துக்குப் போனார். நான் ஓசூரில் டைல்ஸ் ஒட்டினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், கொஞ்ச நாள் சூரத்தில் எதற்கு இருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். மூன்றாவது வருஷம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. களத்தில் யாரோ முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள் என்றார்.

நான் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். ஏரியை அழகுபடுத்துகிற திட்டம். எந்த ஆபீஸ் என்று சொல்லி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. மேசையில் ஒரு படத்தை விரித்தார்கள். கம்ப்யூட்டரில் திருத்தி வரைந்திருந்தாலும் அடிப்படை எங்களுடையதுதான். மரத்துக்கு நாங்கள் போட்ட நம்பர்கூட மாறவில்லை. எங்கள் தெருவே எழுந்து பேசிற்று. செல்வி அக்கா முன்னால் போய், அது எங்கள் களம், எங்கள் மாமியார்களுக்கு மாமியார் காலத்திலிருந்து மெழுகிவருகிறோம் என்றார். அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

“இந்தப் படத்துல அப்படி எதுவும் இல்லையேம்மா. காலி இடம்னுதான் இருக்குது. அளந்தது யாரோ வெளியூர்க்காரங்க இல்ல. உங்க ஊரு ஆளுதான்.”

“யாரு? படிங்க சார்.”

படித்தார். என் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்துப் படித்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும். நாற்பது ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் எழுந்து, நான்தான் வேண்டுமென்றே விட்டேன், காப்பாற்றுவதற்காக விட்டேன் என்றேன். எனக்கே அது காதில் சரியாக விழவில்லை. அதிகாரி, ரிப்போர்ட்டிலும் பார்த்தோம் தம்பி, அதிலும் களம் என்று ஒரு வரியும் இல்லை என்றார்.

அன்று சாயங்காலமே வித்யாவுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தாள். குரலைக் கேட்டதும் அண்ணா என்று சந்தோஷப்பட்டாள். விஷயத்தைச் சொன்னேன். படம் இப்போது தன்னிடம் இல்லை, கல்லூரிக்குக் கொடுத்தது, அங்கே பாடம் எடுத்தவர் ஒருவர் தன் ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டார், தன்னைக் கேட்கக்கூட இல்லை என்றாள். அது உண்மையாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் எழுதுகிறேன் என்றாயே என்று கேட்டேன்.

“எழுதினா அந்த டிசைனே நிக்காதுண்ணா. அந்த எடம்தான் அதுக்கு மையம்.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அதோட, வரைய வேணாம்னு சொன்னது நீங்கதானேண்ணா.”

கோபப்பட்டுச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அது கரையவில்லை. பொய்யாக இருந்தால் எப்போதோ துப்பியிருப்பேன். யாருக்கு அனுப்பலாம், யாரைப் பார்க்கலாம், நான் ஒரு கடிதம் தருகிறேன் என்றும் சொன்னாள். கடிதம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு நிழலையும் உட்கார்ந்து பார்த்தவள் அவள். களத்தையும் பார்த்தாள், வரைந்தாள், மல்லாட்டை தின்றாள். பார்க்காமல் செய்திருந்தால் மன்னிப்பது எளிது.

பூங்கா வந்தது. கம்பி வேலி, கேட்டு, விளக்குக் கம்பம். புல்லுக்கு ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு மோட்டார் பேஜார் பண்ணியது, புல் போயிற்று, அரைவட்டப் படியில் ஆடு படுத்தது. கேட்டுக்கு மட்டும் பூட்டு இருந்தது. எங்கள் தெரு மல்லாட்டையைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்தது. இரண்டு பக்கமும் கல் வைத்து, ஒரு ஆள் துணியை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில பஸ்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள், சிலர் மேலேயே ஏற்றுவார்கள். செத்தவர்களைத் தெருவிலேயே, சாக்கடைக்கு மேல் பலகை போட்டுக் கிடத்தினார்கள். என் அம்மாவையும் அப்படித்தான் கிடத்தினோம். பிறகு ஊரில் மல்லாட்டை போடுவதை விட்டுவிட்டுச் சவுக்கு வைத்தார்கள். ஆய்கிற வேலையும் போயிற்று, காயவைக்க இடம் இல்லையே என்கிற கவலையும் போயிற்று. இப்போது எங்கள் தெருவில் இருபது வயதுப் பிள்ளைகளிடம் களம் எங்கே இருந்தது என்று கேட்டால், எந்தக் களம் என்பார்கள்.

செல்வி அக்கா மட்டும் என்னை விடவில்லை. நான் எந்த ஊரிலிருந்து வந்தாலும், தெருமுனையில் தலை தெரிந்ததுமே சத்தம் கேட்கும். “இன்னாடா, இந்தத் தடவை எத அளக்க வந்த? எங்க ஊட்டையா?” டேப் எடுத்துவந்தாயா என்பார். என் உயரத்தைக் கொஞ்சம் அளந்து சொல்லேன், சுடுகாட்டுக்குழி வெட்டுறவனுக்குச் சௌகரியமாக இருக்கும் என்பார். தெருவே சிரிக்கும். முதல் இரண்டு மூன்று வருஷம் அது எனக்குச் சூடு வைத்தது. பிறகு அதைக் கேட்பதற்காகவே ஊருக்குப் போகத் தொடங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? திட்டுகிறவர் இருக்கிறவரை நான் அந்தத் தெருவின் ஆள்தான்.

போன மாதம் போயிருந்தேன். செல்வி அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, முட்டி வலி. பேரன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. வழக்கமான திட்டுக்காக வாசலில் நின்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து போட்டார். முந்தானையால் துடைத்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி உண்டு. கணக்கெடுக்க வருகிறவர்களுக்கும் ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கும் போடுவது. நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் தரையில்தான் உட்காருவோம்.

“ஒக்காருங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க” என்றார்.

உட்கார்ந்தேன்.